அமைச்சகத்துக்குள் ஓர் இளம் ஆய்வாளர்

2017இல் கனடா 46 இளம் முனைவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே அனுப்பியது. மாகாணச் சுகாதார அமைச்சகங்கள், பிராந்தியச் சுகாதார ஆணையங்கள், மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள் என, மக்களுக்கு என்ன சிகிச்சை எப்போது கிடைக்கும் என்பது தீர்மானமாகும் இடங்களில் அவர்களுக்கு மேசை போட்டுக் கொடுத்தார்கள். வேலை நேரத்தில் 70 விழுக்காடு அந்த நிறுவனத்தின் பணிக்கு. மீதி 30 விழுக்காடு சொந்த ஆய்வுக்கு; அதில் யாரும் கைவைக்கக் கூடாது. வழிகாட்டிகள் இருவர்: ஒருவர் பல்கலைக்கழகப் பேராசிரியர், மற்றவர் அந்த நிறுவனத்தின் மூத்த அதிகாரி. பணத்தில் ஒரு பகுதியை நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி வழங்கும் அரசு அமைப்பான சி.ஐ.எச்.ஆர். தரும், இன்னொரு பகுதியை ஆய்வாளரை ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் தர வேண்டும். 'ஹெல்த் சிஸ்டம் இம்பாக்ட் ஃபெல்லோஷிப்' என்பது திட்டத்தின் பெயர். அடுத்து முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், பிற்பாடு புதிதாகப் பேராசிரியர் பணியில் சேர்ந்தவர்களுக்கும் இது விரிவானது.

இது நல்ல திட்டம். ஆனால் இதைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை ஃபெல்லோக்கள் என்ன கற்றுக்கொண்டார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதோடு நின்றுவிடுகின்றன. இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே நிற்கும் அந்த இளைஞர் இரண்டிலுமே ஆகக் கீழ்ப்படியில் இருப்பவர். அவர் கண்டுபிடிப்பது யாருக்காவது கசந்தால் என்ன ஆகும்? அவர் கிளம்பிய பிறகு அங்கே என்ன மிஞ்சும்? இந்த இரண்டையும் பணம் கொடுப்பவர்கள் முதல் நாளே கேட்டாக வேண்டும் என்று சொல்வதற்காகவே இக்கட்டுரை.

திட்டம் எங்கிருந்து முளைத்தது என்பதை முதலில் பார்ப்போம். மருத்துவ ஆய்வின் முடிவு நோயாளியின் படுக்கையருகே வந்து சேரச் சராசரியாக 17 ஆண்டுகள் ஆகின்றன என்ற கணக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. அந்த எண்ணைத் துல்லியமானதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும் என்று பின்னர் வந்த ஆய்வாளர்களே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஆனால் தாமதம் உண்மை. கனடாவில் அதற்குச் சொந்தமாக இன்னொரு முகமும் உண்டு. அங்கே மருத்துவச் சேவையை நடத்துவது மாகாணங்கள். மத்திய அரசு 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டத்தின் வழியே நிபந்தனைகள் விதித்து நிதியில் பங்கு தருகிறது. ஒரு மாகாணத்தில் வென்ற ஏற்பாடு பக்கத்து மாகாணத்துக்குப் போய்ச் சேராது. முன்னோட்டமாகத் தொடங்கியது முன்னோட்டமாகவே முடிந்துபோகும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த சுகாதார அமைச்சர் மோனிக் பெகான், கால் நூற்றாண்டு கழித்து 2009இல், முடிவில்லாத முன்னோட்டத் திட்டங்களின் நாடாகக் கனடா ஆகிவிட்டது என்று நொந்து எழுதினார். சட்டம் செய்தவரே இப்படி எழுத நேர்ந்தது.

ஆய்வாளரையும் அதிகாரியையும் நெருங்கச் செய்யும் முயற்சி கனடாவுக்குப் புதிதல்ல. 1997இல் தொடங்கிய கனடியச் சுகாதாரச் சேவை ஆராய்ச்சி அறக்கட்டளையின் முதல் தலைவர் ஜோனதன் லோமஸ், ஆய்வை எழுதி முடித்துவிட்டு அதிகாரியிடம் நீட்டுவதில் பயனில்லை, கேள்வியை வகுக்கும்போதே இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று விடாமல் வாதிட்டவர். அந்த அறக்கட்டளை 2004 முதல் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஆய்வைப் படிக்கவும் பயன்படுத்தவும் கற்றுக்கொடுக்கும் பயிற்சியை நடத்தியது. அதாவது நிர்வாகியை ஆய்வின் பக்கம் அழைத்தார்கள். 2017இல் திசை மாறியது: ஆய்வாளர் நிர்வாகத்தின் பக்கம் நடந்தார்.

திசை மாறியதற்கு ஓர் எளிய காரணமும் உண்டு. முனைவர் பட்டம் பெற்றவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. கனடாவில் முனைவர் பட்டம் பெற்றவர்களில் முழுநேரப் பேராசிரியர்களாக இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை என்று கனடா கான்ஃபரன்ஸ் போர்டின் 2015ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. ஆனாலும் படிப்பு முழுவதும் அந்த ஒருவருக்காகவே வடிவமைக்கப்பட்டிருந்தது. நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் போர்ன்ஸ்டீன் தலைமையிலான பணிக்குழு அதே ஆண்டில் இந்தப் பயிற்சியை அடிமுதல் மாற்ற வேண்டும் என்றது. அதையொட்டி வகுக்கப்பட்ட திறன் பட்டியலில் புள்ளியியலும் கொள்கை அறிவும் இருந்தன. அவற்றோடு பேரம் பேசுதல், திட்ட மேலாண்மை, மாற்றத்தை நடைமுறைப்படுத்துதல், பலரைச் சேர்த்து வேலை வாங்குதல் ஆகியவையும் இருந்தன. பின்னால் சொன்னவற்றை வகுப்பறையில் மட்டும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. சி.ஐ.எச்.ஆரின் சுகாதாரச் சேவை ஆய்வுப் பிரிவுக்கு அப்போது தலைவராக இருந்த ராபின் டாம்பிளினும் அவருடைய குழுவினரும் ஃபெல்லோஷிப்பை இந்த அடித்தளத்தின் மீதுதான் கட்டினார்கள்.

உள்ளே போன ஆய்வாளர் முதலில் சந்திப்பது வேறொரு காலக்கணக்கை. பல்கலைக்கழகத்தில் ஒரு கேள்வியை வகுத்து, நிதிக்கு விண்ணப்பித்து, அறநெறிக் குழுவின் ஒப்புதல் வாங்கி, தரவு சேகரித்து, இதழில் வெளியிடுவதற்குள் நான்கைந்து ஆண்டுகள் ஓடிவிடும். அமைச்சகத்தில் திங்கட்கிழமை வரும் கேள்விக்கு வெள்ளிக்கிழமை பதில் வேண்டும். சிகிச்சை முடிந்தும் வீட்டுப் பராமரிப்புக்கோ முதியோர் இல்லத்துக்கோ இடம் கிடைக்காமல் மருத்துவமனைக் கட்டிலிலேயே வாரக்கணக்கில் தங்கிவிடும் முதியவர்கள் கனடா முழுவதற்குமான நெடுநாள் சிக்கல். இதை ஆராயும் பேராசிரியர், கட்டில்களின் எண்ணிக்கையையும் காத்திருப்பு நாள்களையும் வைத்து அழகான மாதிரி ஒன்றைக் கட்டுவார். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கோ, வீட்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் வேறொரு பிரிவின் கையில் இருப்பதும், அதன் நிதியாண்டு மார்ச்சில் முடிவதும், வெள்ளி மாலை வீடு திரும்பும் நோயாளிக்குத் திங்கள் வரை செவிலியர் வரமாட்டார் என்பதும் தெரியவரும். இவை எந்தத் தரவுத்தளத்திலும் இருக்காது. தேநீர் வேளையில்தான் காதில் விழும். சிக்கலின் முடிச்சு பெரும்பாலும் இந்த மாதிரியான விஷயத்தில்தான் இருக்கிறது.

இந்த முறையின் வலிமையைக் காட்டும் சான்று, கனடாத் திட்டத்துக்கு மிக முந்தியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் அலெக்சாண்டர் லாங்முயர் 1951இல் தொடங்கிய தொற்றுநோய்ப் புலனாய்வுச் சேவை, இளம் மருத்துவர்களையும் ஆய்வாளர்களையும் இரண்டாண்டுப் பயிற்சிக்கு எடுத்து, அவர்களில் பலரை மாநில, உள்ளூர்ச் சுகாதாரத் துறைகளுக்கு அனுப்பிவைத்தது. கொரியப் போர்க்காலத்தில் உயிரியல் ஆயுத அச்சத்தைக் காட்டி நிதி பெற்ற அமைப்பு அது. ஆனால் போலியோ முதல் பெரியம்மை வரை அதன் உழைப்பு நீண்டது. 1981இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டச் சுகாதாரத் துறையில் இப்படி அமர்த்தப்பட்டிருந்தவர் வெய்ன் ஷாண்டெரா. கலிபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவர் மைக்கேல் காட்லீப், ஆரோக்கியமாக இருந்த இளைஞர்களுக்கு அரிதான நிமோனியா வந்திருப்பதைக் கண்டு அவரோடு தொலைபேசியில் தொடர்புகொண்டார். மருத்துவருக்குத் தம்மிடம் வந்த நோயாளிகள் மட்டுமே தெரியும். மாவட்டத் துறையில் இருப்பவருக்கு எல்லா மருத்துவமனைகளிலிருந்தும் தகவல் வரும். இருவர் கையில் இருந்ததையும் சேர்த்தபோது, மூன்று மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகள் என்ற செய்தி 1981 ஜூன் 5 அன்று வெளியானது. பின்னாளில் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயைப் பற்றி மருத்துவ உலகம் படித்த முதல் அறிக்கை அதுதான். ஷாண்டெரா அங்கே நிரந்தர அதிகாரி அல்லர், பயிற்சியில் இருந்தவர். மாவட்ட அலுவலகத்தில் அப்படியொருவர் இல்லாதிருந்தால் அந்தத் தொலைபேசி அழைப்பு எங்கே போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கொள்ளைநோயைத் தேடும் வேலையில் நிரூபணமான இந்த வழியைச் சேவை நிர்வாகத்துக்குக் கொண்டுவர மற்ற நாடுகளும் முயன்றுவருகின்றன. 2018இல் அமெரிக்காவின் இரண்டு நிதி அமைப்புகள் சேர்ந்து 11 மையங்களுக்கு ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 4 கோடி டாலர் ஒதுக்கின. மருத்துவமனைத் தொடர்களுக்குள்ளிருந்தே ஆய்வு செய்யும் புதியவர்களை உருவாக்குவது நோக்கம். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரும் பேராசிரியருமான மார்ட்டின் மார்ஷலும் அவருடன் பணிபுரிந்தோரும் 2014இல் எழுதிய கட்டுரை என்னை மிகவும் கவர்ந்தது. உள்ளே போகும் ஆய்வாளர் அங்குள்ள பணிக்குழுவில் முழு உறுப்பினராக இருக்க வேண்டும். குழுவிடம் இல்லாத ஓர் அறிவைக் கொண்டுவர வேண்டும். அதைத் திணிக்காமல், அங்குள்ளோரின் அனுபவ அறிவோடு பேசி இணக்கம் காண வேண்டும் என்று அவர்கள் வரையறுத்தார்கள். மூன்றாவது நிபந்தனைதான் கடினம். சான்று தன் பக்கம் இருக்கும்போது பேசி இணங்குவது என்பது எங்கே வளைந்துகொடுப்பதாக மாறும்? இதற்குப் பொது விடை எதுவும் கிடையாது. அந்தந்த மேசையில், அந்தந்த நாளில் தீர்மானிக்க வேண்டியது அது. இருபத்தெட்டு வயதுக்காரர் தனியே தீர்மானிக்கக் கூடியதும் அல்ல.

கனடாவிலேயே நடந்த ஒன்றைச் சொன்னால் இது விளங்கும். 2012 செப்டம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணச் சுகாதார அமைச்சகம், மருந்துகளின் பயனையும் பாதுகாப்பையும் மதிப்பிட்டுவந்த தன் ஊழியர்கள் பலரைத் திடீரென வேலைநீக்கம் செய்தது. தரவைத் தவறாகக் கையாண்டார்கள், ஒப்பந்தங்களில் முறைகேடு செய்தார்கள் என்று குற்றச்சாட்டு. வெளியே இருந்த பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் தரவு நிறுத்தப்பட்டது. விவகாரம் காவல்துறைக்குப் போயிருப்பதாக அரசு ஊடகங்களிடம் சொன்னது; காவல்துறை அப்படியொரு விசாரணையை நடத்தவேயில்லை என்பது பின்னால் தெரியவந்தது. வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களில் ஒருவர் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட மாணவர். படிப்பின் ஒரு பகுதியாக அமைச்சகத்தில் அமர்ந்து, புகைப்பழக்கத்தைக் கைவிட மாகாணம் நடத்திய திட்டத்தை மதிப்பிட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய பணிக்காலம் முடிய மூன்றே நாள் இருந்தது. சில மாதங்களில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

மாகாணத்தின் குறைதீர்ப்பாளர் ஜே சாக் நெடிய விசாரணைக்குப் பின் 2017 ஏப்ரலில் அறிக்கை அளித்தார். வேலைநீக்கங்கள் நியாயமற்றவை, அமைச்சகத்தின் உள்விசாரணையே பிழையானது என்பது அவர் முடிவு. 41 பரிந்துரைகள். மன்னிப்பு, இழப்பீடு ஆகியவற்றோடு, இறந்த மாணவரின் நினைவாக விக்டோரியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்க 5 லட்சம் டாலர் நிதியம் ஒன்றை அரசு அமைக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. அரசு ஏற்றுக்கொண்டது.

ஆண்டைக் கவனியுங்கள். குறைதீர்ப்பாளரின் அறிக்கை வெளியான அதே 2017இல்தான் தேசிய அளவில் இளம் ஆய்வாளர்களை அமைச்சகங்களுக்குள் அனுப்பும் திட்டம் தொடங்கியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்காமல் இப்படியொரு திட்டத்தை வகுக்கக் கூடாது என்பேன். அந்த மாணவரும் ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்தாம். அந்த இணைப்பு அவரைக் காப்பாற்றவில்லை. நடந்ததற்குக் காரணமான அதிகாரிகள் எல்லாரும் தீய நோக்கத்தோடு செயல்பட்டார்கள் என்றும் அறிக்கை சொல்லவில்லை. முதலிலேயே முடிவுகட்டிவிட்டு நடந்த விசாரணை, அவசரம், எதிர்த்தரப்பைக் கேட்காமை ஆகியவையே போதுமானவையாக இருந்தன. எந்த நாட்டு அலுவலகத்திலும் நடக்கக்கூடிய பிழைகள் இவை. அதனால்தான் அஞ்ச வேண்டியிருக்கிறது.

மூத்தவர்களுக்கே இது எளிதல்ல. 1996இல் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையின் ரத்தவியல் நிபுணர் நான்சி ஒலிவியெரி, தாம் சோதித்துவந்த மருந்தின் பலன் குறித்து ஐயம் எழுந்ததும் நோயாளிகளிடம் சொல்ல முனைந்தார். சோதனைக்குப் பணம் தந்த மருந்து நிறுவனம் ரகசிய ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குத் தொடுப்பதாக எச்சரித்தது. அவர் பெயர் துலங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. பேராசிரியர் பதவியும் புகழும் இருந்தவருக்கே இந்த நிலை என்றால், ஓராண்டு இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வந்து, அடுத்த வேலைக்கு அதே அதிகாரியின் பரிந்துரைக் கடிதத்தை நம்பியிருப்பவர் என்ன செய்வார்? பெரும்பாலும் வாயைத் திறக்க மாட்டார். கசப்பான முடிவு தரக்கூடிய கேள்வியைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுவார். யாரும் தடுக்காமலே ஆய்வு சுருங்கிப்போகும். வெளியே தெரியாத இந்தச் சேதத்தை எந்த மதிப்பீட்டு அறிக்கையும் பிடிக்காது. ஃபெல்லோக்களை ஏற்கும் நிறுவனங்களில் தனியார் நிறுவனங்களுக்கும் இடம் தரப்பட்டிருப்பதால் இந்தக் கவலை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

30 விழுக்காடு நேரத்தை ஒதுக்கி வைத்ததும் இரண்டு வழிகாட்டிகளை வைத்ததும் இந்த ஆபத்துக்கு ஓரளவு அணைபோடுகின்றன. நாடெங்குமுள்ள ஃபெல்லோக்களை ஓர் அணியாகக் கூட்டி, அவ்வப்போது சந்திக்கவைத்து, இணையவழியிலும் பயிற்சி தருவதை அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். தன்னந்தனியே ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதே சங்கடத்தைக் கடந்த இன்னொருவரின் எண் கையில் இருப்பது பெரிய துணை.

இனி இரண்டாவது கேள்வி: என்ன மிஞ்சும்? ஓர் அலுவலகத்தின் போக்கு பிடிபடவே ஆறு மாதம் ஆகும். நம்பிக்கை பிறக்க இன்னும் ஆறு. அதற்குள் ஓராண்டு போய்விடுகிறது. அதிகாரி ஒரு கடினமான கேள்வியை நம்பிச் சொல்லத் தொடங்கும் வேளையில் ஃபெல்லோ விடைபெறுகிறார். சிலரை அந்த நிறுவனமே வேலைக்கு எடுத்துக்கொள்கிறது, மகிழ்ச்சி. எடுக்காத இடங்களில், அவர் எழுதிய நிரலும் சேர்த்த தரவும் பகிர்வுக் கோப்புறையில் கிடக்கும். அவருக்குத் தெரிந்தது அவரோடு போய்விடும்.

இதற்கு மாற்றான வழி ஒன்று சென்னையில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் அங்கே இயங்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல், களத் தொற்றுநோயியலில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டப் படிப்பை நடத்துகிறது. பட்டம் வழங்குவது திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம். படிக்க வருவோரில் பெரும்பாலோர் ஏற்கெனவே அரசுப் பணியில் உள்ள மருத்துவர்கள். சில வாரம் வகுப்பு, பிறகு சொந்த மாவட்டம். அங்குள்ள நோய்ப் பதிவேடும், கண்காணிப்பு முறையும், வெடித்துக் கிளம்பும் காய்ச்சலும்தான் அவர்களுக்கான ஆய்வுப் பொருள். கனடா, வெளியில் இருக்கும் ஆய்வாளரை நாற்காலிக்கு அனுப்புகிறது; சென்னை, நாற்காலியில் இருப்பவரை ஆய்வாளர் ஆக்குகிறது. படிப்பு முடிந்தபின் அறிவு எங்கும் போய்விடுவதில்லை. ஒரு குறையும் உண்டு: அவர் தம் துறையை வெளியாள் கண்ணால் பார்ப்பது கடினம், மேலதிகாரியின் குறையை எழுதுவது இன்னும் கடினம்.

நீண்டகால உறவு என்ன தரும் என்பதையும் அதே நிறுவனம் காட்டியிருக்கிறது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை மாநிலக் காசநோய்ப் பிரிவும் அந்நிறுவன விஞ்ஞானிகளும் சேர்ந்தே வகுத்தார்கள். நோய் உறுதியான நாளிலேயே ஒருவருடைய எடை-உயர விகிதம், கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இன்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைக் களப்பணியாளரே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை, எளிய கருவிகளும் ஒரு தாளும் போதும். எவற்றை அளப்பது என்பதை ஆய்வு சொன்னது. எவற்றைக் களப்பணியாளரால் நெரிசலான ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அளக்க முடியும் என்பது அந்தத் திட்டத்தோடு பல காலம் புழங்கியவர்களுக்கே தெரியும்.

மதிப்பீட்டிலும் மாற்றம் வேண்டும். ஆய்வாளரை, அவர் கட்டுரை வெளியான இதழின் தரக்குறியீட்டால் அளக்கக் கூடாது என்ற சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தில் சி.ஐ.எச்.ஆரும் கனடாவின் மற்ற ஆராய்ச்சி நிதி அமைப்புகளும் 2019இல் கையெழுத்திட்டன. ஒரு தவறான கொள்முதலைத் தடுத்ததும், ஒரு காத்திருப்புப் பட்டியலைச் சீராக்கியதும் மதிப்பீட்டில் ஏறினால்தான், இரண்டாண்டைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே கழித்தவர் திரும்பி வரும்போது பின்தங்கியவராகக் கருதப்பட மாட்டார்.

இத்தகைய ஃபெல்லோஷிப்புகளை இனி எந்த நாட்டு அரசு வகுத்தாலும், ஒப்பந்தத்தில் இவற்றை எழுத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நோயாளிகளின் அந்தரங்கம் காக்கப்பட்ட பின், முடிவு யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கு உண்டு என்ற விதி வேண்டும். ஏற்ற நிறுவனம் அவரை இடையில் நீக்க நினைத்தால், நிதி தந்த அமைப்பின் பிரதிநிதி முன்னிலையில் அவர் தரப்பைக் கேட்காமல் நீக்க முடியாது என்ற விதி வேண்டும். ஃபெல்லோ போன பின்பும் அந்த வேலையைத் தொடர ஒரு நிரந்தரப் பணியிடத்தை ஒதுக்காத நிறுவனத்துக்கு அடுத்த ஃபெல்லோவைத் தரக் கூடாது. மூன்றையும் சேர்க்கப் பெரிய செலவு ஆகாது.